தார் ரோட்டுக்கும் மலைப்பாதைக்கும் ஒரே செட்: வேலூர்ப் பக்கம் பிக்கப்புக்கு டயர் வாங்கும் வழி

வாரத்தில் ஆறு நாள் காட்பாடி, சத்துவாச்சாரி என்று டவுனுக்குள்ளும், ஆம்பூர் வரை பெங்களூரு ஹைவேயிலும் ஓடுகிற வண்டி. ஏழாம் நாள் அதே வண்டி ஒடுகத்தூர் தாண்டி மலையேறும், இல்லையென்றால் அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நிலத்தைப் பார்க்கப் போகும். திரும்பும்போது பின்னால் சாமை மூட்டையோ பலாப்பழமோ புளியோ ஏறியிருக்கும். இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே செட் டயர் வாங்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொலிரோ பிக்கப், கேம்பர், மஹிந்திரா தார், இசுசு வி-கிராஸ் என்று வண்டி எதுவானாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றேதான்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்டனை, அதாவது தரையைத் தொடும் முகத்தில் இருக்கும் ரப்பர் கட்டிகளைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். பெரிய பெரிய பட்டனாக இருந்தால் எங்கும் ஏறிவிடும் என்று நினைப்பு. வட ஆற்காட்டு மண்ணில் டயருக்கு எமன் சேறு அல்ல. வருஷத்தில் சேறு இருப்பது ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மழை மாதங்களில்தான். மீதி நாளெல்லாம் டயரைத் தின்பது கூர்க்கல், வெயில், லோடு இந்த மூன்றும்தான். அதனால் டயரின் முகத்தைவிட அதன் பக்கத்தைத்தான், அதாவது சைடுவாலைத்தான், முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சந்தேகம் இருந்தால் மலையடிவாரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பஞ்சர் கடைக்குப் போய், ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கும் கழித்த டயர்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். பட்டன் பாதிக்கு மேல் இருக்கும், ஆனால் சைடில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. வெட்டுக்குள் நூல் நூலாக உள் அடுக்கு தெரியும். இன்னொன்றில் வெட்டே இருக்காது, சைடுவாலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் மட்டும் இருக்கும். கல்லில் மோதியதில் உள்ளே நூல் அறுந்து, காற்று வெளி ரப்பரைத் தள்ளியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் கிடையாது. பட்டன் பக்கம் ஆணி ஏறினால் உள்பக்கம் பேட்ச் வைத்துச் சரிசெய்துவிடலாம். சைடுவால் கிழிந்தால் டயர் போனது போனதுதான்.

முதல் வேலை: வண்டி எங்கே ஓடுகிறது?

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தை எடுத்து, கடந்த ஒரு மாதம் வண்டி எங்கெங்கே போனது என்று எழுதுங்கள். தார் ரோடு எவ்வளவு, ஜல்லி பெயர்ந்த பாதை எவ்வளவு, மண் பாதை எவ்வளவு, மணல் எவ்வளவு. காலியாகப் போனது எவ்வளவு, லோடோடு போனது எவ்வளவு. மனதுக்குள் போடும் கணக்கு எப்போதும் மலைப்பக்கமே சாயும், ஏனென்றால் மலைக்குப் போன நாள்தான் ஞாபகத்தில் நிற்கும். எழுதிப் பார்த்தால் பலருக்கு நூறு கிலோமீட்டரில் எண்பதுக்கு மேல் தார் ரோடாகத்தான் இருக்கும்.

ஊர்க்கோடியில் இருக்கும் தோட்டத்துக்கு மட்டும் ஒரு மண் பாதை, மற்றபடி எல்லாம் தார் என்றால் உங்களுக்கு ஹைவே டயரே போதும். செலவு மிச்சம், டீசலும் மிச்சம். மாதத்தில் சில தடவை மலையேறுகிறவர்கள், கல் பெயர்ந்த பாதையில் லோடு இழுக்கிறவர்கள் ஆல் டெரெய்ன் பக்கம் வர வேண்டும். தினமும் குவாரிக்குள்ளேயோ, மழையிலும் களிமண் பாதையிலோ வேலை என்றால் மட்டும் மட் டெரெய்ன் பற்றி யோசிக்கலாம்.

மூன்று வகை

ஹைவே டெரெய்ன் டயரில் ஹெச்/டி என்று போட்டிருக்கும். கோடு கோடாக, நெருக்கமான பட்டன். சத்தம் வராது, மழையில் தார் ரோட்டில் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். ஈரக் களிமண்ணில் மட்டும் இரண்டே சுற்றில் இடைவெளியெல்லாம் அடைபட்டு மொட்டை டயராகிவிடும்.

மட் டெரெய்ன், அதாவது எம்/டி, அதற்கு நேர் எதிர். பட்டன்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. சக்கரம் வேகமாகச் சுழலும்போது ஒட்டிய சேற்றை அந்த இடைவெளி வெளியே வீசிவிடும், அதனால் அடுத்த சுற்றில் புதுப் பிடிப்பு கிடைக்கும். ஆனால் அதே இடைவெளியால் தார் ரோட்டில் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது. மழை பெய்த ஹைவேயில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். எண்பதில் போனால் விடாமல் ஒரு ரீங்காரம். தேய்மானமும் வேகம், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். தினமும் ஹைவேயில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

நடுவில் இருப்பது ஆல் டெரெய்ன், ஏ/டி. பட்டன்கள் ஒன்றோடொன்று கோத்த மாதிரி இருக்கும், இடைவெளி மிதமாக இருக்கும், தோள்பட்டைப் பகுதியில் சைடுவால் மேல் கொஞ்சம் பட்டன் இறங்கி வந்திருக்கும். அந்த இறங்கிய பட்டன் கல்லின் உரசலைத் தாங்கும். ஜவ்வாது மலைப் பாதைக்கும் வேலூர் டவுனுக்கும் சேர்த்து ஒரே செட் என்றால், பெரும்பாலானவர்களுக்கு மிதமான ஏ/டி டயர்தான் சரி.

பிராண்டு பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். யோகோஹாமா ஜியோலேண்டர் என்று கேட்டால் அதிலேயே ஹெச்/டி, ஏ/டி, எம்/டி மூன்றும் இருக்கிறது. அப்பல்லோ அப்டெராவிலும் ஹெச்டி வேறு, ஏடி வேறு. பெயருக்குப் பின்னால் வரும் அந்த எழுத்தைச் சொல்லிக் கேளுங்கள், டயர் வந்ததும் அந்த எழுத்தைத் தொட்டுப் பாருங்கள். எம்+எஸ் என்று ஒரு குறி பல டயர்களில் இருக்கும். அதைப் பார்த்து மட் டயர் என்று நினைத்துவிட வேண்டாம். சேற்றிலும் பனியிலும் ஓரளவு சமாளிக்கிற பட்டன் அமைப்பு என்று கம்பெனி போடும் பொதுக் குறி அது, சாதாரண ஹைவே டயரிலும் இருக்கும். பனிமலைப் படம் போட்ட குறி இருந்தால் அதற்காக நம் ஊரில் காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

சைடில் எழுதியிருப்பதைப் படிப்பது

பொலிரோவில் வரும் 215/75 ஆர்15 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது சைடுவாலின் உயரம், அகலத்தில் 75 சதவீதம், அதாவது சுமார் 161 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 15 ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

சைடுவால் உயரம் மலைக்குப் போகிறவர்களுக்கு ரொம்ப முக்கியம். கல்லில் ஏறும்போது அந்த உயரம்தான் அமுங்கிக் கொடுத்து ரிம்மைக் காப்பாற்றும். அழகுக்காக 18 அங்குல ரிம் போட்டு, 60க்கும் கீழே சைடுவாலைக் குறைத்தால் முதல் பள்ளத்திலேயே ரிம் நெளியும். பதினைந்து, பதினாறு அங்குல ரிம்மும் உயரமான சைடுவாலும் நம் பாதைகளுக்கு ஏற்றது.

அளவுக்குப் பக்கத்தில் 100, 104, 109 என்று ஒரு எண் இருக்கும். அதுதான் லோடு இண்டெக்ஸ். அது கிலோ கணக்கு அல்ல, அட்டவணை எண். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900, 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120 கிலோ. பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று கணக்குப் போட வேண்டும். லோடு ஏற்றிய வண்டியின் மொத்த எடை 2,900 கிலோ, அதில் பின்னச்சில் 1,900 கிலோ விழுகிறது என்று வையுங்கள். ஒரு பின் டயர் மேல் 950 கிலோ. 100ம் போதாது, 104ம் போதாது. 109 போட்டால்தான் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். மலைப்பாதையில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது கீழ்ப்பக்க டயர் மேல் விழும் பாரம் இன்னும் கூடும். உங்கள் வண்டியின் மொத்த எடை ஆர்சியில் இருக்கிறது, அதை எடுத்துப் பாருங்கள். கம்பெனி போட்ட எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்கக் கூடாது.

அதை ஒட்டியே வரும் எழுத்து வேகத்துக்கானது. என் என்றால் 140, க்யூ என்றால் 160, எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வரை. அவ்வளவு வேகம் யாரும் போகப் போவதில்லை. ஆனாலும் வேகக் குறி என்பது சூட்டைத் தாங்கும் திறனையும் காட்டுவது. மே மாதத்தில் வேலூரில் நிழலிலேயே நாற்பது டிகிரியைத் தாண்டும், தார் ரோட்டின் சூடு அதைவிட எவ்வளவோ மேலே. கம்பெனி சொன்ன எழுத்தைவிடக் குறைந்ததை வாங்காதீர்கள்.

கடைசியாக, ஒரு சின்ன வட்டச் சட்டத்துக்குள் நான்கு இலக்க எண். 2325 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரித்தது. இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழுசாக இருக்கும், அதனால் மாட்டிய பிறகு உள்பக்கமாகப் போய்விடலாம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இங்கே விற்கும் டயருக்கு அது கட்டாயம்.

பிளை

டயரின் பலத்தை லோடு ஏற்றுகிறவர்கள் "எத்தனை பிளை?", அதாவது உள்ளே எத்தனை நூல் அடுக்கு, என்றுதான் கேட்பார்கள். சைடில் 6பிஆர், 8பிஆர் என்றோ, லோடு ரேஞ்ச் சி, டி, ஈ என்றோ இருக்கும். சி என்றால் ஆறு பிளைக்குச் சமம், டி எட்டு, ஈ பத்து. இன்றைக்கு உள்ளே அத்தனை அடுக்கு நிஜமாக இருக்காது, பழைய பருத்தி நூல் காலத்துக் கணக்கில் அத்தனை அடுக்கின் பலம் என்று அர்த்தம்.

அளவுக்கு முன்னாலோ பின்னாலோ எல்டி என்று இருந்தால் அது லேசான சரக்கு வண்டிக்கான டயர். சைடுவால் தடிமன், வெட்டு விழுவது குறைவு. கல் பாதைக்கு இதுதான் உகந்தது. ஆனால் காலியாகப் போகும்போது வண்டி தூக்கிப் போடும், எடையும் அதிகம். இன்னொன்று, அதே பாரத்தைத் தாங்க எல்டி டயருக்குக் கார் வகை டயரைவிட அதிகக் காற்று தேவை. பழைய டயருக்கு அடித்த அதே அளவை இதற்கும் அடித்தால் லோடில் சூடாகும். புது டயருக்குரிய லோடு-காற்று அட்டவணையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

என் அபிப்பிராயத்தில், லோடு ஏற்றாமல் குடும்பத்தோடு மலைக்குப் போகும் மஹிந்திரா தார், பொலிரோ போன்றவற்றுக்குக் கம்பெனி லோடு இண்டெக்ஸ் உள்ள சாதாரண ஏ/டி போதும். மூட்டை ஏற்றி இறங்கும் பிக்கப்புக்கு எல்டி டயர்தான் வேண்டும், அதில் பிளை எண்ணில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

ஒரு சைஸ் பெரிசாகப் போடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. 215/75 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733. வண்டி 15 மில்லிமீட்டர் உயரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக மீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 83க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர் இழுவை குறையும், லோடோடு ஏற்றத்தில் கிளட்ச் வாடும், ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசலாம். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் உடன்பாடில்லை, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் கேள்வி வரும். உங்கள் மாடலுக்கே கம்பெனி இரண்டு அளவு கொடுத்திருந்தால் பெரியதைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லையென்றால் வந்த அளவிலேயே இருங்கள்.

கடையில்

விலை பேசும்போதே தேதியையும் பேசிவிடுங்கள். "அண்ணே, ஆறு மாசத்துக்குள்ள வந்த டயரா பாத்துக் கொடுங்க, அஞ்சும் ஒரே பேட்சா இருந்தா நல்லது" என்று முதலிலேயே சொன்னால் குடோனிலிருந்து தேடி எடுத்து வருவார்கள். ரிம்மில் ஏற்றிய பிறகு சொன்னால் வருத்தம்தான் மிஞ்சும். வருஷக்கணக்காக வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்த டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். சைடுவாலை லேசாக அமுக்கி, மயிரிழை போன்ற வெடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

ஐந்து என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டெப்னியும் அதே அளவில், அதே வகையில் இருக்க வேண்டும். பீஞ்சமந்தை மலைக் கிராமத்துப் பக்கம் மேலே ஏறிய பிறகு ஒரு டயர் கிழிந்தால், மொட்டை ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்குவது ஆபத்தான வேலை. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி என்றால் நான்கு டயரும் ஒரே சுற்றளவில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரன்ஷியலும் தேவையில்லாமல் முறுக்குப்படும். பணம் இரண்டுக்குத்தான் இருக்கிறது என்றால் புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடிப்பது கஷ்டம்.

தேய்ந்த டயர் மேல் புது பட்டன் ஒட்டிய ரீபட்டன் டயர் லாரிக்குச் சரி. மலையில் ஏறி இறங்கும் சின்ன வண்டிக்கு, அதுவும் முன் சக்கரத்துக்கு, வேண்டாம். ட்யூப்லெஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். முள் ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், சீமைக் கருவேல முள் நிறைந்த நம் பாதைகளில் அது பெரிய நிம்மதி. டயர் ஏற்றும்போது வால்வையும் புதுசாக மாற்றச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். நைட்ரஜன் அடித்தால் நல்லதுதான், இல்லாவிட்டாலும் குறையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது.

காற்று

நல்ல டயர் வாங்கிக் காற்றைக் கவனிக்காமல் விட்டால் போட்ட காசு வீண். ஒரு ஏர் கேஜும், 12 வோல்ட் கம்ப்ரெசரும் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். எத்தனை காற்று என்பது டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று. டயரின் சைடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச எண் அதற்கானது அல்ல.

காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். ஓடிச் சூடேறிய டயரில் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது, மறுநாள் காலை குறைவாக நிற்கும். வெயில் காலத்தில் டயர் வெடிப்பதற்குக் காற்று அதிகமாக இருப்பதுதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. மேலே வெயில், கீழே கொதிக்கும் ரோடு, பின்னால் மூட்டை, பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் தொண்ணூறில் மிதித்தால் டயர் என்ன செய்யும்?

மணலும் கல் பாதையும் வேறு கணக்கு. பாலாற்றுக் குறுக்கே கிராமத்துக்குப் போகும் மணல் தடத்தில் காலி வண்டி புதைகிறது என்றால் 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். டயர் பரந்து, மணல் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல், பிரேக் அழுத்தாமல், ஒரே சீராகப் போங்கள். கல் பாதையில் காலி வண்டிக்கு வழக்கத்தைவிட ஐந்தாறு குறைத்தால் போதும். அதற்கும் கீழே போனால் சைடுவால் வெளியே பிதுங்கி, கூர்க்கல்லுக்கு நேராக நிற்கும். லோடு இருந்தால் எங்கேயும் இறக்காதீர்கள். இறக்கிய காற்றோடு முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், தார் ரோடு ஏறும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி மறுபடி அடித்துவிடுங்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆகும், ஆகட்டும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை இறக்கக் கூடாது. எந்த டயர் போட்டிருந்தாலும் இது மாறாது. மலைக் கிராமத்து மக்கள் போய்வரும் பாதையை மழை நாளில் சக்கரத்தைச் சுழற்றி உழுதுவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. அந்தப் பள்ளத்தில் அடுத்து வரப்போவது பிரசவத்துக்குப் போகும் வண்டியாகவும் இருக்கலாம்.

மாட்டிய பிறகு

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது ரப்பர் மேல் வழவழப்பு இருக்கும், முதல் சில நாள் வளைவிலும் பிரேக்கிலும் நிதானம் வேண்டும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து இடம் மாற்றினால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். ஏ/டி டயரை இடம் மாற்றாமல் விட்டால் பட்டனின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, பின்னாளில் சத்தம் வர ஆரம்பிக்கும்.

மலையிலிருந்து இறங்கியதும் டயரைச் சுற்றி ஒரு நடை நடங்கள். பட்டன் இடுக்கில் சிக்கிய ஜல்லியைத் திருப்புளியால் நெம்பி எடுத்துவிடுங்கள். விட்டால் அது ஹைவே வேகத்தில் உள்ளே துளைத்துக்கொண்டே போகும். சைடுவாலின் வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியும், உள்பக்கம் தெரியாது. அங்கே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

பட்டன் இடுக்கில் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். அந்த மேட்டோடு பட்டன் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், சட்டப்படி அதற்குக் கீழே ஓட்டக் கூடாது. மலைக்குப் போகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், மழைக்காலம் தொடங்கும் முன்பே, மாற்றிவிடுவது நல்லது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷம் ஒருமுறை தெரிந்த கடைக்காரரிடம் கழற்றிக் காட்டுங்கள். ஸ்டெப்னியின் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள், வண்டிக்கு அடியில் தொங்குவதால் அதை யாரும் பார்ப்பதே இல்லை.